பதினாலு, இருபத்தொன்று, ஒன்று

பிப்ரவரி 4

அத்தைக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். நலம் விசாரித்துக்கொள்ளும் நிலையில் நீங்களும் இல்லை, நானும் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் பேத்தி எலி அரையாண்டுத் தேர்வில் கணக்குத் தாள் முழுக்க ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறாள். கேள்வித்தாளில் இல்லாத வரி. 14xy + 21x + 1. அதையே பதினோரு தடவை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் விடைக்கு இடம் விட்டிருக்கிறாள். ஏழாவதில் தகப்பனை இழந்த பிள்ளை என்று இரக்கப்பட்டு எட்டாவதுக்கு ஏற்றிவிட்டார்கள். இந்த வருடம் அந்த இரக்கம் இருக்காது.

அந்த வரி எது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் மகன் கடைசியாக வேலைக்குப் போன அன்று காலையில், உங்கள் இரும்பு அலமாரிக் கதவில் சாக்பீஸால் அவளுக்கு எழுதிக் கொடுத்த கணக்கு. "மூணுலயும் பொதுவா ஒண்ணு ஒளிஞ்சிருக்கு எலி. கண்டுபிடிச்சு வெளியே எடு. சாயங்காலம் வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற அவசரத்தில் அவள் அதை எழுதிக்கொள்ளவில்லை. மத்தியானம் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும்போது குழிக்குள் விழுந்தவரைச் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நாலாம் நாள்தான் அலமாரி முன்னால் உட்கார்ந்து அவள் அதை நோட்டில் எழுதினாள்.

பிறகு நான் அந்தக் கதவைத் துடைக்கப் போனது, "என் பையன் கையெழுத்து மேல கை வச்சே, கை இருக்காது" என்று நீங்கள் கத்தியது, நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தது, அதையெல்லாம் கிளற இதை எழுதவில்லை.

ஒரே ஒரு உதவி. கணக்கிலேயே ஏதோ கோளாறு என்கிறார் அவள் டீச்சர். எலி தப்பாகப் பார்த்து எழுதியிருக்கலாம். கதவில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் எழுதி அனுப்புங்கள்.

உங்கள் மருமகள்

பிப்ரவரி 11

மருமகளுக்கு,

எட்டு மாதம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்தேன். 'அத்தைக்கு' என்றாவது போட்டாயே, அதுவே பெரிது.

அலமாரி அதே மூலையில்தான் இருக்கிறது. புடவை எடுக்க இடது கதவை மட்டும் திறக்கிறேன். எழுத்து இருக்கிற கதவைத் தொடுவதில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, பார்த்து எழுதுகிறேன்.

14xy + 21x + 1

என் பேத்தி தப்பாகப் பார்த்து எழுதுகிறவள் இல்லை. என் மகனும் தப்பாகக் கணக்குப் போடுகிறவன் இல்லை. எட்டாவதில் தொண்ணூற்றெட்டு வாங்கினவன். மிச்சம் இரண்டு மார்க்குக்காக வாத்தியாரோடு சண்டைக்குப் போனவன். அந்த டீச்சருக்குத்தான் தெரியவில்லை போலிருக்கிறது.

அப்படி என்ன கோளாறு என்று கேட்டு எனக்கு எழுது. நான் அஞ்சாவதோடு நின்றவள்தான். ஆனால் தையல் கடையிலிருந்து வருகிற சட்டைகளுக்குக் காஜா எடுத்து, பட்டன் தைத்துத் திருப்பிக் கொடுக்கிறேனே, இத்தனை வருடத்தில் ஒரு பட்டன் குறைந்ததாக அந்தத் தையல்காரர் சொன்னதில்லை. சொல்கிற விதத்தில் சொன்னால் எனக்கும் புரியும்.

மத்தியான வேளையில் இங்கே சாக்பீஸ் தேய்கிற சத்தம் கேட்கிறது. மேல் வீட்டில் யாரோ என்று நினைத்தேன். மேல் வீடு காலி. சும்மா சொன்னேன், விடு.

அத்தை

பிப்ரவரி 20

அத்தைக்கு,

டீச்சர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கூட்டல் குறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிற ஒவ்வொன்றும் ஓர் உறுப்பு. இந்தக் கணக்கில் மூன்று. மூன்றையும் மிச்சமில்லாமல் வகுக்கிற ஒன்று இருந்தால் அதுதான் பொதுக் காரணி. அதை வெளியே எடுத்து அடைப்புக்குறிக்கு முன்னால் எழுத வேண்டும். வகுத்து வந்ததெல்லாம் உள்ளே போகும். x என்பது பெருக்கல் குறி இல்லை, நமக்குத் தெரியாத ஓர் எண்ணுக்கு வைத்த பெயர். 10x + 15 என்றால் 5(2x + 3). 10x + 5 என்றால் 5(2x + 1). ஒரு உறுப்பு முழுசாக வெளியே போனாலும் அதன் இடத்தைக் காலியாக விடக்கூடாது, ஒன்று என்று எழுத வேண்டுமாம். பிள்ளைகள் தடுக்கி விழுகிற இடமே அதுதான் என்றார்.

இப்போது நம் கணக்கைப் பாருங்கள். 14க்கும் 21க்கும் பொதுவாக ஏழு இருக்கிறது. ஆனால் கடைசியில் நிற்கிற 1ஐ ஏழால் எப்படி வகுப்பது? வெளியே எடுக்க அதில் எதுவுமே இல்லை.

எலியிடம் இதைச் சொன்னார்கள். "டீச்சருக்குத் தெரியலன்னா இல்லைன்னு ஆயிடுமா? அப்பா இருக்குன்னு சொன்னாரு" என்கிறாள்.

"அப்பா அவசரத்துல தப்பா எழுதியிருப்பாருடி" என்றேன்.

பென்சிலைக் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "சாயங்காலம் வருவாருல்ல, கேட்டுக்கறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அத்தை. தினமும் ஐந்தரை மணிக்கு நோட்டைத் திறந்து வைக்கிறாள். பக்கத்து நாற்காலியை ஓர் ஆள் உட்காரத் தோதாகப் பின்னால் இழுத்து விடுகிறாள். ஏழு மணிக்கு அந்த நாற்காலியைப் பார்த்து, "இன்னும் கிடைக்கலப்பா" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறாள். எட்டு மணி நேரம் ஆஸ்பத்திரிப் போர்வைகளை மடித்துவிட்டு இடுப்பு ஒடிய வருகிறேன். அந்த நாற்காலியில் உட்கார எனக்குத் தைரியம் வருவதில்லை.

ஏப்ரல் ஆறாம் தேதி கணக்குத் தேர்வு. அன்றைக்கும் தாளை இப்படியே கொடுத்தால், மனநிலை சரியில்லாத பிள்ளைகளுக்கென்று இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு எழுதிவிடுவோம் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார்.

மருமகள்

மார்ச் 2

மருமகளுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நாலாவது தடவை சட்டையை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன்.

ஒரு சட்டைக்கு முன்பக்கம் ஏழு பட்டன். பதினாலு பட்டன் இருந்தால் இரண்டு சட்டை. இருபத்தொன்று இருந்தால் மூன்று. ஏழை வெளியே வைத்துவிட்டால் உள்ளே நிற்பது சட்டைக் கணக்கு. இவ்வளவுதானே? இதற்கா இத்தனை பெரிய பெயர்? சரி. ஆனால் கடைசியில் ஒற்றைப் பட்டனைக் கொடுத்து, இதிலும் ஒரு சட்டை இருக்கிறது என்று யாராவது சொன்னால், கொடுத்தவனுக்குப் புத்தி இருக்கிறதா என்றுதானே கேட்பேன்.

அதற்குப் பிறகு எனக்குக் கை ஓடவில்லை. பன்னிரண்டு சட்டையில் நாலுதான் முடித்தேன். தையல்காரர் படியேறி வந்து, "என்ன பெரியம்மா, உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

எலியை அந்தக் கணக்கை விட்டுவிடச் சொல். இல்லாததை எத்தனை நாள் தேடுவாள்? வேறு கணக்குகள் இல்லையா உலகத்தில்?

கதவில் எழுத்து மங்குகிறது. சுவரில் ஈரம் ஏறுவதால் இருக்கும். பதினாலு புகை மாதிரி இருக்கிறது. இருபத்தொன்றில் பாதிதான் தெரிகிறது. கடைசி ஒன்று மட்டும் இன்று காலையில் எழுதினதுபோல வெள்ளை வெளேரென்று நிற்கிறது. காஜா எடுத்துக்கொண்டே நிமிர்ந்தால் நேரே அதுதான் கண்ணில் படுகிறது. முந்தாநாள் மத்தியானம் அவன் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். முதுகுதான் தெரிந்தது. வேலைச் சட்டை, காலரில் நான் போட்ட ஒட்டு. கூப்பிட்டேன், திரும்பவில்லை. கண்ணயர்ந்திருப்பேன்.

இதைப் பற்றி மேலே எதுவும் கேட்காதே.

அத்தை

மார்ச் 12

அத்தைக்கு,

விட்டுவிடச் சொல் என்று நீங்கள் அங்கே உட்கார்ந்துகொண்டு சுலபமாக எழுதிவிட்டீர்கள். விடுகிற பிள்ளையாக இருந்தால் உங்களுக்கு எதற்குக் கடிதம் போடுகிறேன்?

திங்கட்கிழமை துணிப் பிரிவில் வேலையாக இருந்தேன். மேற்பார்வையாளர் வந்து, "உன் பொண்ணு மேல வார்டு லிஃப்டுல ஏறி உக்காந்திருக்கு. இறங்க மாட்டேங்குது" என்றார். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள். லிஃப்ட் ஓட்டுகிற பெரியவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"எந்த மாடிம்மான்னு கேட்டேன். மாடி இல்ல, அடியில குழிக்குப் போகணும்னுச்சு. அங்க என்ன வேலைன்னு கேட்டா, அப்பாகிட்ட ஒரு சந்தேகம் கேக்கணுமாம். அதான் லிஃப்டை நிறுத்திட்டு ஆள் அனுப்பினேம்மா."

எலி நோட்டைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவர் இறந்த அன்றும் அவள் அழவில்லையே. அவளைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன், பதின்மூன்று வயதுப் பெண்ணை.

யோசித்துவிட்டேன். நீங்கள் அவளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அன்று காலையில் வாசலில் செருப்பு மாட்டும்போது, "அவசரத்துல கணக்கைத் தப்பா எழுதிட்டேம்மா, எலிகிட்ட சொல்லிடு" என்று அவர் உங்களிடம் சொன்னதாகவும், அதன் பிறகு நடந்ததில் நீங்கள் அதை மறந்துவிட்டதாகவும் எழுதுங்கள். பொய்தான். நான் சொன்னால் அவள் நம்பமாட்டாள். நீங்கள் சொன்னால் நம்புவாள். 'பாட்டிக்குப் பொய் பேச வராது' என்று உங்கள் மகனே அவளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

இதை மட்டும் செய்துவிடுங்கள். கதவைத் துடைக்க வந்ததற்கு நான் உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

மருமகள்

மார்ச் 19

அம்மாடி,

நீ என் காலில் விழ வேண்டாம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

அன்று காலையில் அவன் கதவில் எழுதியதைப் பார்த்து எனக்குக் கோபம். "பலகை வாங்க உனக்கு வக்கில்லையா? என் அலமாரிதான் கிடைச்சுதா?" என்றேன். "உன் அலமாரிக்கு இப்பத்தாம்மா படிப்பு வருது" என்று சிரித்துக்கொண்டே போனான். எலி பள்ளிக்கூடம் போனாள். நீ கடைக்குப் போனாய். நான் வழக்கம்போல ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஜன்னல், மேஜை, அலமாரி என்று துடைத்துக்கொண்டே வந்தேன். கை பழக்கத்தில் போய்விட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டேன். கடைசி எண்ணின் தலை அழிந்துபோயிருந்தது. சாய்வாக ஒரு கோடு மட்டும் மிச்சம்.

சாயங்காலம் வந்தால் விடமாட்டான், வாரம் முழுக்கக் கேலி பண்ணுவான் என்று நினைத்தேன். வேறொரு பயமும் இல்லை, அம்மாடி, அந்தக் கேலிக்குத்தான் பயந்தேன். கோடு இருக்கிறது, அப்படியானால் ஒன்றுதான் என்று முடிவு பண்ணி, தையல் பெட்டியிலிருந்து துணியில் குறி போடுகிற சாக்கை எடுத்து, அதன் மேலேயே நிமிர்த்தி அழுத்தி ஒரு ஒன்று போட்டேன். மூன்று மணிக்கு ஆள் வந்து சொன்னார்கள்.

பிறகு வந்தவர்கள் எல்லாம் அந்தக் கதவின் முன்னால் நின்றார்கள். அவன் கடைசியா எழுதினது என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். நாலாம் நாள் எலி தரையில் உட்கார்ந்து பார்த்து எழுதியபோது நான் பின்னால் டம்ளரோடு நின்றேன். தொண்டை வரைக்கும் வந்தது. பெற்ற பிள்ளை கடைசியாக எழுதியதைத் துடைத்தவள் என்ற பெயர் வந்துவிடுமே என்று விழுங்கிவிட்டேன். விழுங்கினது உள்ளேயே இருந்துவிட்டது. கை இருக்காது என்று உன்னைச் சொன்னேனே, துடைத்த கை என்னுடையது.

பிப்ரவரியில் நீ கேட்டபோதும் ஒன்று என்றே எழுதினேன். அதில் ஏதும் கோளாறு என்று அப்போது எனக்குத் தெரியாது. காரணி என்றால் என்னவென்று நீ எழுதியதும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு கடிதம் மறைத்து எழுதினேன்.

அவன் கம்பெனி திருப்பிக் கொடுத்த லிஃப்ட் சர்வீஸ் நோட்டை நேற்று எடுத்துப் பார்த்தேன். அவன் போடுகிற ஒன்று எல்லாம் கம்பம் மாதிரி நேராக நிற்கிறது. ஏழு மட்டும்தான் சாய்கிறது. கைக்கண்ணாடியால் வெயிலைக் கதவில் அடித்துப் பார்த்தேன். என் கோட்டுக்குக் கீழே அவன் கோடு சாய்வாகத் தெரிகிறது. அது ஏழு. பதினாலு, இருபத்தொன்று, ஏழு. இரண்டு சட்டை, மூன்று சட்டை, ஒரு சட்டை. அவன் சரியாகத்தான் எழுதினான்.

தையல் சாக்கில் மெழுகு கலந்திருக்கும். அதனால்தான் என் எழுத்து மங்காமல் நிற்கிறது. அதில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. தெரிந்தும் அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார எனக்குத் துணிச்சல் இல்லை.

நீ கேட்ட பொய்யை நான் எழுதமாட்டேன். செத்தவன் தலையில் என் தப்பைக் கட்ட முடியாது. எலிக்குத் தனியாக ஒரு காகிதத்தில் எல்லாவற்றையும் எழுதி இதற்குள் வைத்திருக்கிறேன். கொடுப்பதும் கொடுக்காததும் உன் கையில். கொடுத்தால் அவள் என்னைப் பாட்டி என்று கூப்பிடமாட்டாள். தெரியும். கொடு.

அத்தை

மார்ச் 28

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். அவர் போய் ஒரு வருடம் எட்டு மாதம். ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு அத்தனை நாள் ஆகியிருக்கிறது. அதற்குள் என் பிள்ளை குழிக்குப் போக லிஃப்ட் ஏறிவிட்டாள். இரண்டு நாள் வேலையில் மனம் நிற்கவில்லை. போர்வை மடிக்கிற மெஷினில் விரலைக் கொடுக்கப் பார்த்தேன், பக்கத்தில் இருந்தவள் இழுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எலியிடம் உங்கள் காகிதத்தைக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள்.

"ஏழா?" என்றாள். 

போய் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை.

7(2xy + 3x + 1)

கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டாள். அப்போது மணி பதினொன்று. எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதுபோல இருந்தது. தலைவாரிவிடக் கூப்பிட்டேன், வந்தாள். சாப்பிட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

ஐந்தரைக்கு நோட்டைத் திறந்து வைத்தாள். நாற்காலியைப் பின்னால் இழுத்து விட்டாள். ஆறு ஆனது. ஆறரை ஆனது. நான் அடுப்படிக் கதவிலேயே நின்றேன். ஏழு மணிக்கு நாற்காலியைப் பார்த்து அவள் எதுவும் சொல்லவில்லை. எழுந்து, அதை மேஜையோடு ஒட்டித் தள்ளி வைத்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "முடிச்சிட்டேன்மா. முடிச்சும் வரலையே" என்றாள்.

அப்போது அழ ஆரம்பித்தவள்தான். அந்த அழுகையை நான் எப்படி எழுதுவேன்? கணக்கு முடியாதவரைக்கும் அவர் ஒரு நாள் வந்தாக வேண்டியிருந்தது அவளுக்கு. இப்போது அவர் வர வேண்டிய வேலை இல்லை.

மறுநாள் புத்தகத்தில் இருக்கிற கணக்குகளைப் போட ஆரம்பித்தாள். ஒன்பது போட்டாள். சரியா என்று பார்க்க நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். கையால் நோட்டை மூடிக்கொண்டு, "நீ வேணாம். கெடுத்தவங்க பாக்கட்டும்" என்றாள்.

அவர் கணக்கும் இந்த ஒன்பதும் இருக்கிற பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். ஆறாம் தேதிக்குள் அவளுக்குத் திரும்ப வேண்டுமாம். அவள் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். என்னுடையதும் தீரவில்லை.

மருமகள்

ஏப்ரல் 1

அம்மாடி,

நேற்று மத்தியானம் கிடைத்தது. கையிலிருந்த சட்டைகளைத் தையல்காரரிடமே திருப்பி அனுப்பிவிட்டேன். "பெரியம்மாவுக்கு அப்படி என்ன அவசர வேலை?" என்று ஆள்விட்டுக் கேட்டார். பேப்பர் திருத்துகிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

வெளியே நிற்பதை உள்ளே இருக்கிற ஒவ்வொன்றோடும் பெருக்கிப் பார்த்தேன். ஏழு இரண்டு பதினாலு, ஏழு மூன்று இருபத்தொன்று, ஏழு ஒன்று ஏழு. அவன் கொடுத்த கணக்கு திரும்ப வந்துவிட்டது. அதற்குச் சரி போட்டேன். சரி போட்டுப் பழக்கமில்லாததால் கொஞ்சம் கோணல்.

புத்தகக் கணக்கு ஒன்பதில் எட்டு சரி. ஆறாவது தப்பு. 6a + 18ab என்பதில் 6ஐ மட்டும் வெளியே எடுத்திருக்கிறாள். a இரண்டிலும் இருக்கிறது, அதையும் எடுக்க வேண்டும். பென்சிலால் சுழித்து மட்டும் வைத்திருக்கிறேன், அவள் எழுத்து மேல் எதுவும் எழுதவில்லை. அவளே திருத்தட்டும். என்னைத் திட்டிக்கொண்டே திருத்தட்டும்.

கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கொஞ்ச நேரம் யோசித்தேன். என் முழுப்பெயரை எழுதி, ஐந்தாம் வகுப்பு என்று போட்டிருக்கிறேன். யார் பார்த்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

வீட்டில் நாலு நாளாகச் சத்தம் இல்லை. கேட்காதபோதுதான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவன் நின்ற இடத்தில் இப்போது வெறும் கதவுதான். அவன் இனி வரமாட்டான் என்று எனக்கும் யாராவது சொல்ல வேண்டியிருந்தது போல.

தெருமுனைப் பெட்டியில் போட்டால் தாமதமாகும். பெரிய தபால் ஆபீஸுக்கு நானே பஸ் ஏறிப் போய்ப் போடுகிறேன். கோபத்தை நீங்கள் இரண்டு பேரும் வேண்டிய மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நான் எங்கும் ஓடிப்போகவில்லை.

ஆறாம் தேதி சாயங்காலம் எனக்கு ஒரு வரி போடு. எத்தனை மார்க் வரும், பாஸா, பெயிலா என்றெல்லாம் வேண்டாம். எழுதினாளா என்று மட்டும்.

அத்தை